மூன்றாம் ஆண்டு முடிவில் ஒரு கிளைப்பாதை: ஒரெகன் செவிலியர் கல்விக் கூட்டமைப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

கூஸ் பே, அமெரிக்காவின் ஒரெகன் மாநிலத்தில் பசிபிக் கரையோரம் உள்ள ஒரு துறைமுக ஊர். மரம் வெட்டி, அறுத்து, கப்பலில் ஏற்றியே வளர்ந்த ஊர். அங்கிருந்து மாநிலத்தின் பெரிய நகரமான போர்ட்லாந்துக்குக் காரில் போக ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். இந்த ஊரில் ஒரு பெண் நர்ஸ் ஆக விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முப்பதை நெருங்கும் வயது, ஒரு குழந்தை, முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. போர்ட்லாந்துக்குக் குடிபெயர்ந்து நான்கு வருஷம் பல்கலைக்கழகத்தில் படிப்பதெல்லாம் அவளுக்கு ஆகிற காரியமில்லை. உள்ளூரிலேயே ஒரு சமுதாயக் கல்லூரி இருக்கிறது, கட்டணமும் குறைவு. அங்கே படித்து, இரண்டாண்டுப் படிப்பு என்று சொல்லப்படும் ‘அசோசியேட்’ பட்டம் வாங்கி, என்க்ளெக்ஸ் என்ற தேசிய உரிமத் தேர்வில் தேறிவிட்டால் அவளும் ஆர்.என்., அதாவது பதிவுபெற்ற செவிலியர். பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் படித்து பி.எஸ்.என். என்ற இளங்கலைப் பட்டம் வாங்கியவரும் அதே தேர்வைத்தான் எழுதுகிறார், அதே உரிமத்தைத்தான் வாங்குகிறார்.

சரி, அப்புறம் என்ன குறை? வேலையில் சேர்ந்து ஐந்தாறு வருஷம் கழித்துத்தான் குறை தெரியும். வார்டு மேலாளர் பதவி காலியாகிறது, விண்ணப்பத்தில் இளங்கலை கேட்கிறார்கள். பொதுச் சுகாதாரத் துறையில் ஓர் இடம் வருகிறது, அங்கேயும் பல இடங்களில் அதே நிபந்தனை. ராணுவத்தில் முழுநேரச் செவிலியர் அதிகாரியாகச் சேர வேண்டுமா, இளங்கலை இல்லாமல் முடியாது. தாமே நோயாளிகளைப் பரிசோதித்து மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனராகவோ ஆசிரியராகவோ ஆக முதுகலை வேண்டும், முதுகலைக்குப் போகும் வழியும் வழக்கமாக இளங்கலை வழியாகத்தான். நோயாளியின் கட்டிலருகே வேலை செய்யும்வரை இரண்டு பட்டமும் ஒன்று. அங்கிருந்து ஓர் அடி நகர்ந்தால் ஒன்றல்ல.

நம் ஊரில் ஜி.என்.எம். முடித்து வேலைக்குப் போய்விட்டு, பிறகு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. நர்சிங் படிக்கலாமா என்று வருஷக்கணக்கில் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தத் தவிப்பை விளக்கத் தேவையில்லை. ஆனால் ஜி.என்.எம். என்பது பட்டயம், அதை முடித்தவர் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதற்கு நம்மிடம் ஒரே பெயரில் ஒரு படிப்பு இருக்கிறது. அமெரிக்காவில் அப்படியில்லை. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனித் தீவு. அந்தத் தீவுகளைப் பிறகு பாலம் போட்டு இணைப்பதற்குப் பதிலாக, ஆரம்பத்திலேயே ஒரே நிலமாகக் கட்டலாமே என்று முனைந்த மாநிலம் ஒரெகன். அந்த முயற்சியின் பெயர் ஒரெகன் செவிலியர் கல்விக் கூட்டமைப்பு, சுருக்கமாக ஓ.சி.என்.இ. அது எதைச் சாதித்தது, எங்கே தடுக்கியது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

முட்டுச்சந்தாகத் திட்டமிட்ட படிப்பு

இந்த இரட்டைப் பாதை தற்செயலாக வந்ததல்ல. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்க மருத்துவமனைகள் பெருகின, செவிலியர் போதவில்லை. அப்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் மில்ட்ரெட் மான்டாக் என்பவர் தன் முனைவர் பட்ட ஆய்வில் ஒரு யோசனை சொன்னார். செவிலியப் பணியில் ஒரு பகுதி தொழில்நுட்பத் திறன் சார்ந்தது. அதற்கு ஆட்களைச் சமுதாயக் கல்லூரிகளில் இரண்டே ஆண்டில் தயார் செய்யலாம், அவர்கள் முழுப் பயிற்சி பெற்ற செவிலியரின் கீழ் வேலை செய்வார்கள் என்பது அந்த யோசனை. 1952-ல் ஏழு கல்லூரிகளிலும் ஒரு மருத்துவமனைப் பள்ளியிலும் ஐந்தாண்டுச் சோதனை தொடங்கியது.

மான்டாக் மனதில் இருந்தது ஏணியின் முதல் படி அல்ல, அதுவே முழுப் படிப்பு. அதற்கு மேல் போக வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்துத்தான் வடிவமைத்தார். ஆனால் நடந்தது வேறு. இந்தப் பட்டதாரிகளும் முழுச் செவிலியருக்கான அதே உரிமத் தேர்வை எழுதினார்கள், தேறினார்கள். உரிமம் ஒன்றாகிவிட்ட பிறகு ‘தொழில்நுட்பச் செவிலியர்’, ‘தொழில்முறைச் செவிலியர்’ என்ற பிரிவுக்கு வார்டில் எந்த அர்த்தமும் இல்லாமல் போயிற்று. ஆள் பற்றாக்குறையில் தவித்த மருத்துவமனைகள் பட்டத்தையா பார்க்கும்? திட்டமிட்டவர் முட்டுச்சந்து என்று கட்டிய தெருவில் ஊரே குடியேறிவிட்டது. பின்னால் வந்த சிக்கல்கள் பலவற்றின் வேர் இதுதான் என்பது என் எண்ணம். மேலே போவதற்கென்றே வடிவமைக்காத ஒரு படிப்பிலிருந்து மேலே போகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1965-ல் அமெரிக்கச் செவிலியர் சங்கம் தொழில்முறைச் செவிலியருக்கு இளங்கலையே அடிப்படைத் தகுதியாக இருக்க வேண்டும் என்று அறிக்கை விட்டது. அன்று மூண்ட சண்டை இன்னும் ஓயவில்லை. வடக்கு டகோட்டா மாநிலம் மட்டும் 1987-ல் அதைக் கட்டாயமாக்கிப் பார்த்தது. 2003-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

அதே 2003-ல்தான் விவாதத்தின் போக்கையே மாற்றிய ஓர் ஆய்வு வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா ஐகென் குழு அந்த மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,32,342 பேரின் விவரங்களை அலசியது. அந்த மருத்துவமனைகளில் இளங்கலையோ அதற்கு மேலோ படித்த செவிலியரின் பங்கு, சுத்தமாக இல்லை என்பதிலிருந்து 77 சதவீதம் வரை இருந்தது. அந்தப் பங்கு 10 சதவீதப் புள்ளி கூடும்போது, முப்பது நாளுக்குள் நோயாளி இறப்பதற்கான வாய்ப்பு 5 சதவீதம் குறைவாக இருந்தது. ஒரு மருத்துவமனை இளங்கலைச் செவிலியரை அதிகம் வைத்திருக்கிறது என்றால் வேறு பல வகையிலும் அது வசதியான இடமாக இருக்கலாம். ஆய்வாளர்கள் அதையெல்லாம் கழித்துப் பார்த்தும் தொடர்பு நின்றது. தொடர்பு இருப்பதாலேயே காரணம் நிரூபணமாகிவிடாது என்ற ஆட்சேபம் நியாயமானதுதான். ஆனாலும் கொள்கை வகுப்பவர்கள் கையில் முதன்முறையாக உயிர்க்கணக்கு ஒன்று கிடைத்தது. 2010-ல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க ஆலோசனை அமைப்பு வெளியிட்ட அறிக்கை, 2020-க்குள் செவிலியரில் 80 சதவீதம் பேர் இளங்கலை பெற்றிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அப்போது பாதிப் பேர்தான் பெற்றிருந்தார்கள். 2020 வந்தபோது மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி நின்றது. இலக்கு எட்டவில்லை, ஆனால் பத்தாண்டில் அது சின்ன நகர்வும் இல்லை.

பாலத்தில் ஏறியவர் ஏன் இறங்கினார்

அசோசியேட் முடித்தவர்களுக்கான இளங்கலைப் படிப்புகள் அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக உண்டு. பாலம் இல்லாமல் இல்லை. ஆனால் அதில் ஏற வருபவர் முதலில் சந்திப்பது சுங்கச்சாவடிகளை.

ஒரு கல்லூரியில் படித்த உடற்கூறியல் இன்னொரு பல்கலைக்கழகத்தில் செல்லாது. ஆய்வகத்தோடு படித்தாயா, எத்தனை கிரெடிட், எந்த ஆண்டு என்று கேள்விகள் வரும். புள்ளியியல் படிக்கவில்லையே என்பார்கள். சமுதாயக் கல்லூரியில் அதை யாரும் கேட்கவில்லை, அதனால் அவள் படிக்கவில்லை. செவிலியப் பாடங்களிலும் இதே கதை. வார்டில் ஐந்து வருஷம் நாள்தோறும் செய்துகொண்டிருக்கும் ஒன்றை ‘நோயாளியை மதிப்பிடுதல்’ என்ற தலைப்பில் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும், அதற்குப் பணமும் கட்ட வேண்டும். புதிதாக விண்ணப்பம், புதிதாகக் காத்திருப்பு. இதற்கெல்லாம் நடுவே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், வீட்டில் பிள்ளைகள், முதல் படிப்புக்கு வாங்கிய கல்விக்கடனின் பாக்கி.

முடித்தால் என்ன கிடைக்கும்? பல மருத்துவமனைகளில் சம்பளத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. உரிமம் ஒன்றுதானே, வேலையும் ஒன்றுதானே என்கிறது நிர்வாகம். “நர்சுகளுக்கு மேலே படிக்க ஆர்வமில்லை” என்று கருத்தரங்குகளில் குறைபட்டுக்கொள்வது சுலபம். இவ்வளவு தூரம் சுற்றிப் போய் இவ்வளவு சின்ன பலன் என்றால் யாருக்குத்தான் ஆர்வம் வரும்?

ஒரெகனுக்கு இதற்கு மேல் ஒரு தலைவலி, நிலப்பரப்பு. மக்கள்தொகையில் பெரும்பகுதி போர்ட்லாந்திலிருந்து தெற்கே போகும் வில்லாமெட் பள்ளத்தாக்கில். மற்றதெல்லாம் கடற்கரை ஊர்கள், மலை, கிழக்கே பரந்து கிடக்கும் வறண்ட பீடபூமி. அங்கே உள்ள சின்ன மருத்துவமனைகளுக்கு ஆள் தருபவை உள்ளூர்ச் சமுதாயக் கல்லூரிகள்தான். ‘இனி இளங்கலை மட்டும்’ என்று மாநிலம் சட்டம் போட்டால் போர்ட்லாந்துக்கு ஒன்றும் ஆகாது. ரோஸ்பர்க்கிலும் கூஸ் பேயிலும் டியூட்டிக்கு ஆள் இருக்காது. சமுதாயக் கல்லூரிகளை ஒதுக்கிவிட்டு இங்கே எதையும் செய்ய முடியாது என்பது முதலிலேயே தெளிவாகத் தெரிந்துவிட்டது. அதுவே பின்னால் நல்லதாகவும் முடிந்தது.

ஒரே சமையல், பல அடுப்பு

2001-ல் மாநிலத்தின் செவிலியத் தலைவர்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள், உரிம வாரியம், சங்கம் எல்லாரும் சேர்ந்த ஒரு மன்றம் பற்றாக்குறையைச் சமாளிக்க ஒரு நீண்டகாலத் திட்டம் போட்டது. செவிலியருக்கு வயதாகிக்கொண்டிருந்தது, மக்களுக்கும் வயதாகிக்கொண்டிருந்தது. எத்தனை பேர் தேவை என்பதோடு எப்படிப்பட்ட செவிலியர் தேவை என்ற கேள்வியையும் அவர்கள் எழுப்பினார்கள். நாள்பட்ட நோயோடு வீட்டிலேயே வாழும் முதியவர்களைப் பார்த்துக்கொள்ள, கடைசிக் காலத்தில் துணை நிற்க, ஒரு சமூகத்தின் ஆரோக்கியத்தையே கணக்கில் எடுத்து யோசிக்க ஆட்கள் வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலை மட்டும் மனதில் வைத்து எழுதிய பழைய பாடத்திட்டம் அதற்குப் போதாது. அதிலிருந்துதான் கூட்டமைப்பின் யோசனை பிறந்தது.

மையத்தில் ஒரெகன் ஹெல்த் அண்ட் சயன்ஸ் யுனிவர்சிட்டி. அதன் செவிலியர் கல்லூரிக்கு போர்ட்லாந்து தவிர ஆஷ்லாந்து, கிளமத் ஃபால்ஸ், லா கிராண்ட், மன்மத் ஆகிய ஊர்களிலும் வளாகங்கள் உண்டு. அதோடு சமுதாயக் கல்லூரிகள் சேர்ந்தன. யூஜீனில் லேன், ரோஸ்பர்க்கில் அம்ப்குவா, கிரான்ட்ஸ் பாஸில் ரோக், கூஸ் பேயில் சவுத்வெஸ்டர்ன் ஒரெகன், போர்ட்லாந்தின் கிழக்கே மவுன்ட் ஹூட், இன்னும் சில. மாநிலத்தின் 17 சமுதாயக் கல்லூரிகளில் எல்லாமும் சேரவில்லை. 2006 இலையுதிர் பருவத்தில் பொதுப் பாடத்திட்டத்தில் முதல் மாணவர் அணி உள்ளே வந்தது.

பாடத்திட்டம் என்பது ஆசிரியர்களுக்கு வீட்டுச் சமையல் மாதிரி. பக்கத்து வீட்டுக் குழம்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் நம் வீட்டுப் பக்குவத்தை விட மனம் வராது. அப்படியிருக்க, பல்கலைக்கழகமும் சமுதாயக் கல்லூரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே பாடப் பெயர்கள், ஒரே திறன் பட்டியல், ஒரே மதிப்பீட்டு முறை என்று ஒத்துக்கொண்டதுதான் இந்தக் கதையின் மிகக் கடினமான பகுதி. இதில் ஒரு நுட்பம் உண்டு. பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டத்தைக் கல்லூரிகளின் கையில் திணிக்கவில்லை. அதுவும் தன் பழைய பாடத்திட்டத்தைக் கைவிட்டுப் புதியதற்கு மாறியது. தான் விட்டுக்கொடுக்காமல் எதிராளியை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்லியிருந்தால் இரண்டாவது கூட்டத்திலேயே கலைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மாணவிக்கு இதனால் என்ன மாறியது? கூஸ் பே பெண்ணிடம் திரும்புவோம். முதல் ஆண்டு அவள் பொதுப் பாடங்கள் படிக்கிறாள். போர்ட்லாந்து வளாகத்தில் சேரும் மாணவி படிக்க வேண்டிய அதே பட்டியல்தான். சேர்க்கைக்கான தகுதி எல்லாக் கல்லூரிக்கும் பொது. தேர்வானால் ஒரே சமயத்தில் சமுதாயக் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் அவளுக்கு இடம் உறுதி. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் செவிலியப் பாடங்கள் முழுவதும் சொந்த ஊரில். மூன்றாம் ஆண்டு முடிவில் பாதை இரண்டாகப் பிரிகிறது. அசோசியேட் பட்டத்தை வாங்கிக்கொண்டு உரிமத் தேர்வு எழுதி வேலைக்குப் போகலாம். அல்லது நான்காம் ஆண்டுக்கு அப்படியே தொடரலாம். புதிய விண்ணப்பம் இல்லை, கிரெடிட் கணக்குச் சண்டை இல்லை. நான்காம் ஆண்டைப் பல்கலைக்கழகம் நடத்துகிறது, பெரும்பகுதி இணையவழியில். உரிமத்தை வாங்கி வேலை பார்த்துக்கொண்டே அதைப் படிக்கவும் முடியும். போர்ட்லாந்துக்குக் குடிபெயர வேண்டாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ‘இரண்டு ஆண்டு’ அசோசியேட் என்பது பேச்சுக்குத்தான். பொதுப் பாடங்களையும் சேர்த்தால் பெரும்பாலோருக்கு மூன்று ஆண்டு பிடித்தது, அது எந்தச் சான்றிதழிலும் கணக்கில் வராமல் கிடந்தது. ஒரெகன் அந்த மூன்று ஆண்டை ஒளிக்காமல் மூன்று ஆண்டு என்றே ஒத்துக்கொண்டது. அதனால்தான் இளங்கலைக்கு ஒரே ஓர் ஆண்டு மிச்சம் என்று சொல்ல முடிந்தது. மாணவர்கள் ஏற்கெனவே செலவழித்துக்கொண்டிருந்த காலத்தைத்தான் அவர்கள் கணக்கில் கொண்டுவந்தார்கள்.

வார்டில் எதைப் பார்ப்பது

நிர்வாக ஏற்பாட்டோடு நின்றிருந்தால் இதை ஒரு நல்ல மாற்றல் ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். படிப்பின் உள்ளேயும் கை வைத்தார்கள்.

வழக்கமான செவிலியப் படிப்பு வார்டு வார்டாகப் போகும். மருத்துவம், அறுவை, குழந்தைகள், பிரசவம், மனநலம். ஒரெகன் பாடத்திட்டம் அந்தச் சுவர்களை இடித்து, ஆரோக்கியத்தைப் பேணுதல், நாள்பட்ட நோய், தீவிர நோய், வாழ்வின் இறுதி என்று அடுக்கியது. நீரிழிவு இருக்கிற கர்ப்பிணி எந்த வார்டுப் பாடம்? பழைய முறையில் இரண்டுக்கும் நடுவே விழுந்துவிடுவாள்.

இந்த வடிவமைப்பின் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் ஒரெகன் ஹெல்த் அண்ட் சயன்ஸ் யுனிவர்சிட்டியின் பேராசிரியர் கிறிஸ்டின் டானர். அனுபவமுள்ள செவிலியர் எப்படி முடிவெடுக்கிறார் என்பது பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து அவர் 2006-ல் முன்வைத்த மாதிரி இன்று உலகெங்கும் செவிலியர் கல்வியில் புழங்குகிறது. கவனித்தல், பொருள் கொள்ளுதல், செயல்படுதல், பிறகு அதைத் திரும்பிப் பார்த்தல் என்று நான்கு கட்டம். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ‘கவனித்தல்’ முதலில் நிற்கிறதே, அங்கேதான் சூட்சுமம். அறைக்குள் நுழைந்தவுடன் “நேற்று மாதிரி இல்லையே இவர்” என்று ஒரு மூத்த நர்சுக்குப் படுகிறது. ரத்த அழுத்த எண் மாறுவதற்கு முன்பே படுகிறது. எதை எதிர்பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பதால்தான் எதிர்பாராதது கண்ணில் படுகிறது. எதிர்பார்ப்பு இல்லாத மாணவிக்கு எதுவும் படாது.

அப்படியானால் அந்த எதிர்பார்ப்பை எப்படி ஊட்டுவது? பழைய மருத்துவமனைப் பயிற்சியில் காலையில் மாணவிக்கு ஒரு நோயாளியை ஒதுக்குவார்கள். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, குறிப்பு எழுதுவது என்று அவரை முழுதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்று வார்டில் யார் இருக்கிறார்களோ அதுதான் பாடம். மூச்சுத்திணறல் பற்றி வகுப்பில் படித்த வாரத்தில் வார்டில் கால் எலும்பு முறிந்தவர்தான் கிடைப்பார். ஆசிரியருக்கோ எட்டுப் பத்து மாணவியர் பின்னால் ஓடி, மருந்து தப்பாகிவிடாமல் பார்ப்பதிலேயே நாள் போய்விடும்.

ஒரெகனில் இதைப் பிரித்தார்கள். ஒரு நாள் முழுக்க ஒரு கருத்தை மட்டும் வைத்துக்கொண்டு வார்டுக்குப் போகிற பயிற்சி ஒரு வகை. ‘ஆக்சிஜன் போதாமை’ என்றால், அது வெவ்வேறு வடிவில் இருக்கும் நான்கைந்து பேரைப் போய்ப் பார்ப்பது. ஒருவருக்கு நிமோனியா, ஒருவருக்கு இதயம் பலவீனம், ஒருவருக்கு நாற்பது வருஷப் புகைப்பழக்கம். யாருக்கும் மருந்து கொடுக்க வேண்டாம், குளிப்பாட்ட வேண்டாம். பார், கேள், கோப்பைப் படி, பிறகு எல்லாரும் உட்கார்ந்து பேசுங்கள். அதே மூச்சுத்திணறல் இந்த மூவரிடம் ஏன் வேறு வேறாகத் தெரிகிறது? அப்புறம் சம்பவ அடிப்படையிலும், பொம்மை நோயாளிகளை வைத்த சிமுலேஷனிலும் ஒரு வகைப் பயிற்சி. ஊசி, டிரெஸ்ஸிங் போன்ற கைத்திறன்களுக்குத் தனி நேரம். நேரடியாக நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியும் உண்டு. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு செவிலியரோடு இணைந்து முழு ஷிப்ட் செய்யும் நீண்ட காலம்.

பட்டம் தொடர்வதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நேரடிச் சம்பந்தம். முதல் மூன்று ஆண்டில் வெறும் வேலைப்பழக்கத்தைக் கொடுத்துவிட்டு ‘சிந்தனை’யை நான்காம் ஆண்டுக்கு ஒத்திப்போட்டால், நான்காம் ஆண்டு நர்சுகளுக்குக் காகித வேலையாகத்தான் தெரியும். பல பாலப் படிப்புகள் மேல் உள்ள முணுமுணுப்பே அதுதான். முடிவெடுக்கும் முறையை இரண்டாம் ஆண்டிலிருந்தே ஒரே இழையாக ஓட்டினால், கடைசி ஆண்டின் மக்கள்தொகை நலம், தலைமைப் பொறுப்பு, ஆராய்ச்சி முடிவுகளைப் படித்துப் பயன்படுத்துதல் ஆகியவை அதே இழையின் தொடர்ச்சியாக வரும். சமுதாயக் கல்லூரி மாணவியை இரண்டாந்தரமாக நடத்தாத பாடத்திட்டம் என்று இதைச் சொல்லலாம்.

கதவு திறந்திருந்தும்

இனிப் பலனைப் பார்ப்போம். கதவை இவ்வளவு அகலமாகத் திறந்தும் எல்லாரும் உள்ளே போகவில்லை. நாட்டின் வழக்கமான நிலையைவிட அதிகம் பேர் தொடர்ந்தார்கள், ஆனால் மூன்றாம் ஆண்டோடு நிறுத்தி வேலைக்குப் போனவர்களும் ஏராளம். வடிவமைத்தவர்கள் எதிர்பார்த்தது இதைவிட அதிகம். காரணம் கேட்டபோது வந்த பதில்களில் கல்லூரியைப் பற்றிய குறை பெரிதாக இல்லை. இன்னும் கடன் வாங்கப் பயம். புது வேலையையும் படிப்பையும் ஒரே சமயத்தில் தாங்க முடியுமா என்ற பயம். மூன்று வருஷமாகக் குடும்பத்தைப் பட்டினி போடாமல் எப்படியோ ஓட்டியாகிவிட்டது, இனியாவது சம்பளம் வரட்டும் என்ற நியாயம்.

இந்த இடத்தில் கூட்டமைப்பின் கை எட்டவில்லை. கல்லூரிகளுக்குள் இருந்த சுவர்களைக் கல்லூரிகள் இடித்தன. மீதமிருந்தது மருத்துவமனையின் சுவர். டியூட்டி அட்டவணையைப் படிப்புக்குத் தோதாக மாற்றித் தருவது, கட்டணத்தில் பங்கு ஏற்பது, பட்டத்துக்குச் சம்பளத்தில் ஒரு படி கூட்டுவது எல்லாம் முதலாளி செய்ய வேண்டியவை. சில மருத்துவமனைகள் செய்தன. பல, ‘இளங்கலை பெற்றவருக்கு முன்னுரிமை’ என்று விளம்பரத்தில் போட்டதோடு நிறுத்திக்கொண்டன. வேடிக்கை என்னவென்றால், தொடர்ந்து படிக்கத் தள்ளியதில் பெரிய பங்கு 2008 பொருளாதாரச் சரிவுக்கும் உண்டு. ஓய்வு பெற வேண்டிய மூத்த செவிலியர் வேலையை விடவில்லை, புதியவர்களுக்கு இடம் சுருங்கியது, மருத்துவமனைகள் இளங்கலைப் பட்டதாரிகளைப் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தன. வேலை கிடைக்காததாலேயே படித்தவர்களும் இருந்தார்கள். அதைத் திட்டத்தின் வெற்றிக் கணக்கில் எழுதக் கூடாது.

உள்ளே வேறு சுமைகளும் இருந்தன. பொதுப் பாடத்திட்டத்தில் ஒரு பாடத்தை மாற்ற வேண்டுமென்றால் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு கல்லூரி தனியாக இருந்தால் ஒரு பருவத்தில் முடிகிற மாற்றம் இங்கே வருஷக்கணக்கில் இழுக்கும். ஆரம்ப நாட்களின் ஆசிரியர்கள் ஓய்வு பெற, புதிதாக வருபவர்களுக்குப் பாடத்திட்டம் இருக்கும், அதன் காரணம் தெரியாது. ‘மாணவியர் ஏன் ஒரு நாள் முழுக்க வேலை செய்யாமல் சுற்றி வருகிறார்கள்’ என்று அவர்களே கேட்பார்கள். அதனால் ஆசிரியர் பயிற்சி ஒரு தடவைச் செலவல்ல, நிரந்தரச் செலவு. தொடக்கத்தில் கிடைக்கும் நன்கொடைகள் தீர்ந்த பிறகு அந்தச் செலவை யார் ஏற்பது என்பது எந்தக் கூட்டமைப்பையும் விடாமல் துரத்தும் கேள்வி.

மற்றவர்கள் எடுத்துக்கொண்டது

ஒரெகனைப் பார்த்து ஹவாயும் வட கரோலினாவும் தங்கள் வழியில் முயன்றன. வட கரோலினாவின் மலைப்பகுதியில் 2010 வாக்கில் தொடங்கிய திட்டத்தில் மாணவர்கள் முதல் மூன்று ஆண்டு சமுதாயக் கல்லூரியில் படித்துக்கொண்டே பல்கலைக்கழகப் பாடங்களையும் இடையிடையே முடித்துவிடுவார்கள். நியூ மெக்சிகோ இன்னும் ஒரு படி மேலே போனது. மாநிலம் முழுமைக்கும் பொதுப் பாடத்திட்டம், அதோடு சமுதாயக் கல்லூரியில் உட்கார்ந்தபடியே பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பட்டத்தைப் பெறும் வசதி. அந்த வழியில் இளங்கலைக்குச் சேர்பவர்களுக்கு, மூன்றாம் ஆண்டு முடிவில் ஆட்கள் கழன்றுகொள்கிற அந்தக் கிளைப்பாதையே இல்லை. ஒரெகன் அனுபவத்தைச் சரியாகப் படித்தவர்கள் என்று அவர்களைத்தான் சொல்வேன்.

நியூயார்க் வேறு வழி எடுத்தது. 2017 டிசம்பரில் கையெழுத்தான சட்டப்படி, புதிதாக உரிமம் பெறும் செவிலியர் பத்து ஆண்டுக்குள் இளங்கலை முடித்திருக்க வேண்டும். ஏற்கெனவே பணியில் இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு. வடக்கு டகோட்டாவைப் போல வாசலிலேயே தடுக்காமல், உள்ளே விட்டு அவகாசம் கொடுப்பதால் இது தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சட்டம் கெடு வைக்கும், பாடம் நடத்தாது. பத்து ஆண்டில் முடிக்கிற அளவுக்கு இடங்களும் ஆசிரியர்களும் இருக்க வேண்டும்.

இன்னொரு பாதையும் உண்டு, சமுதாயக் கல்லூரியே இளங்கலை கொடுப்பது. புளோரிடா இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அதைச் செய்தது. ஒரெகனின் அண்டை மாநிலமான வாஷிங்டனில் 2007-ல் ஒலிம்பிக் கல்லூரி தொடங்கியது. கலிபோர்னியாவில் 2024-ல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களை ஆளுநர் தடுத்துவிட்டார். பல்கலைக்கழகங்களும் சமுதாயக் கல்லூரிகளும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை என்பது அவர் சொன்ன காரணம். ஒரெகனோ, சேர்ந்து செய்வதற்கு நாட்டுக்கே எடுத்துக்காட்டாக இருந்த மாநிலம், 2023-ல் சமுதாயக் கல்லூரிகள் தாங்களே செவிலிய இளங்கலை வழங்க வழி செய்தது. கூட்டமைப்பு தோற்றதற்கு இதை அடையாளமாக எடுக்க வேண்டியதில்லை. பதினேழு வருஷம் பொதுப் பாடத்திட்டத்தை நடத்திப் பழகிய கல்லூரி, கடைசி ஆண்டையும் நானே நடத்துகிறேன் என்று கேட்பது இயல்பு.

அந்தக் கடைசி ஆண்டை நடத்த முதுகலையும் முனைவர் பட்டமும் பெற்ற ஆசிரியர்கள் வேண்டும். கூஸ் பே போன்ற ஊரில் அப்படிப்பட்டவர் ஒருவர் இருந்தால், அவருக்குக் கல்லூரி தரும் சம்பளத்தைவிட மருத்துவமனையோ கிளினிக்கோ தருவது அதிகம்.